கதைக்காரி வாங்கிய சத்தமில்லாத விசிறி

கதைக்காரி என்றுதான் தெருவே அவளைக் கூப்பிடும். வம்பு பேசி ஊரைக் கூட்டுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்தவர் எழுதிய கதைகளை வாய்விட்டுப் படித்து, ஒலிப்புத்தகமாகப் பதிவு செய்து கொடுப்பது அவள் பிழைப்பு. அதற்கு முன்னால் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தாள். ஒரு நாள் எல்லா ஊர்ப் பெயரையும் அவள் குரலிலேயே பதிவு செய்துகொண்டு, "ரொம்ப நன்றிம்மா, நாளையிலேருந்து வர வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கும் அவள் பேருந்து ஏறப் போனால் அவள் குரலே அவளை வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டும். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது!

படுக்கையறைதான் அவளுடைய ஒலிப்பதிவுக் கூடம். ஜன்னலை மறைத்துக் கம்பளி, திறந்த அலமாரியில் தொங்கும் துணிகளுக்கு நடுவே மைக், கதவிடுக்கில் திணித்த பழைய போர்வை. அந்தப் போர்வை தினமும் எப்படியோ விலகிக் கிடக்கும். காற்றைத் திட்டிக்கொண்டே மறுபடி திணிப்பாள். இவ்வளவு செய்தும் என்ன பயன்? மேஜைக்கடியில் இருந்த கம்ப்யூட்டரின் உள் விசிறி, அவள் வாயைத் திறந்தால் தானும் வாயைத் திறந்தது.

கடைசியில் பதிப்பகத்து எடிட்டர் அம்மா போனில் பிடித்துக்கொண்டார்.

"மேடம், உங்க குரல் அருமை. ஆனா பின்னாடி ஒரு மாவு மிஷின் ஓடுதே! நாங்க சத்தத்தை எடுக்க எடுக்க, நீங்க குடத்துக்குள்ள உட்கார்ந்து பேசுற மாதிரி ஆயிடுது. அடுத்த நாவல் பெருசு. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள முதல் அத்தியாயம் சுத்தமா வந்தா அது உங்களுக்கு. இல்லன்னா... வேற ஒரு குரலும் கேட்டு வச்சிருக்கோம்."

அவள் ஏற்கெனவே ஒரு தடவை குரலைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவள். இதுவும் போனால் வேறு எதை வைத்துப் பிழைப்பது?

கணவரிடம் சொல்லி ஆறுதல் தேடலாமென்றால் அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். "சத்தம் வந்தாத்தானே மிஷின் வேலை செய்யுதுன்னு அர்த்தம்?" என்று கேட்டார். அவள் படித்த கதையில் ஒரு வரியாவது அவர் கேட்டதுண்டா? கிடையாது. "கதை கேட்டா எனக்குத் தூக்கம் வந்துடும்" என்று முதல் புத்தகத்தின்போதே சொல்லிவிட்டார். மத்தியானம் சாப்பிட வருவார், அவள் பரிமாறிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள், அவர் கூடத்தில் ஒரு தூக்கம் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புவார். ஊருக்கெல்லாம் கதை சொல்கிறவளுக்கு வீட்டில் கேட்க ஆளில்லை என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு வருத்தம் உண்டு.

புது விசிறி வாங்கக் கம்ப்யூட்டர் கடைக்குப் போகும்போது, உள்ளே அடங்குமா என்று பார்க்கப் பெட்டியின் அகலத்துக்கு ஒரு நூலை வெட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது ஏழு நிறத்தில் மின்னியது. அடுத்தது தண்ணீர் ஓடும் குழாயோடு வந்தது, விலையைக் கேட்டதும் அவளுக்கே வியர்த்தது.

"எனக்குப் பார்க்க ஒண்ணும் வேணாங்க, கேட்கத்தான் வேணும். ஓட்டிக் காட்டுங்க" என்றாள்.

"அக்கா, எல்லாரும் லைட்டு எப்படி எரியுதுன்னுதான் கேட்பாங்க. நீங்க ஒருத்தர்தான் காதைக் கொண்டு வந்திருக்கீங்க!"

அவர் ஒவ்வொன்றாக ஓட்ட, அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒன்று கொசு மாதிரி ரீங்கரித்தது. ஒன்று டிக் டிக்கென்றது. மூலையில் தூசி படிந்து கிடந்த ஒன்றை ஓட்டியபோது, "ஏன், இன்னும் போடலையா?" என்று கேட்டாள்.

"ஓடிட்டுத்தான் இருக்கு. பெரிய விசிறிக்கா. மெதுவா சுத்தினாலே போதுமான காத்து வரும். சின்னதுதான் வேகமா சுத்திக் கத்தும். லைட்டு இல்லாததால இதை யாரும் சீண்டறதில்லை, விலையும் கம்மி."

நூலை வைத்து விசிறியின் உயரத்தைப் பார்த்தாள், நூலுக்குள் அடங்கியது. பெட்டி மூடும். வாங்கிவிட்டாள்.

பொருத்துகிற வேலையைக் கணவர் விடுவாரா? "ஊருக்கே குளிர்ச்சி கொடுக்கிறவன் நான், இது என்ன பிரமாதம்" என்று திருப்புளியோடு உட்கார்ந்தார். முடித்துவிட்டுப் போட்டால், பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. புது விசிறி பழையதைவிடப் பத்து மடங்கு ஊளையிட்டது.

"கிழிஞ்சது போ! அந்தக் கடைக்காரன் தலையில கட்டிட்டான்" என்று அவர் கையை உதறினார்.

அவள் கலங்கிப்போனாள். நாளைக்கு சனிக்கிழமை. ஆனால் திரையில் சூட்டைக் காட்டும் எண் ஏறிக்கொண்டே போகிறதே, அந்தச் சூட்டை வாங்க வேண்டிய, விசிறிக்கு அடியில் இருக்கும் உலோகத்தைத் தொட்டால் சில்லென்று இருக்கிறதே, அது எப்படி? யோசித்தபடி திரும்பியவள் கண்ணில் வீட்டு ஃபிரிட்ஜ் பட்டது. வாங்கி வருஷக்கணக்காகியும் கதவில் பிளாஸ்டிக் உரிக்காமல் பளபளத்தது. டிவி ரிமோட் உறைக்குள் இருந்தது. புதுப் பொருளின் மேல் ஒட்டியிருப்பதை உரிப்பது இந்த வீட்டில் மகா பாவம். மனுஷனின் தொழில் பழக்கம் அப்படி.

"ஏங்க, இதுக்கு அடியில ஏதாவது ஒட்டியிருந்துச்சா?"

"ஆமா, வழவழன்னு நல்ல பிளாஸ்டிக். கீறல் விழாம இருக்கட்டும்னு விட்டு வச்சேன்."

"அதுல ஏதாவது எழுதியிருந்துச்சா?"

"சிவப்பா என்னமோ இருந்துச்சு. விளம்பரம்னு நினைச்சேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கழற்றிப் பார்த்தால், 'இதை உரித்துவிட்டுப் பொருத்தவும்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவள் உரித்தாள். சொந்தத் தோலை உரித்த மாதிரி அவர் முகத்தைச் சுளித்தார். துடைத்து, விசிறியோடு வந்த பசையைத் தடவி மாட்டினார்கள். அப்புறம் கம்ப்யூட்டர் மூச்சுக் காட்டவில்லை.

மறுநாள் மத்தியானம் அவருக்குப் பரிமாறிவிட்டு, போர்வையைத் திணித்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தாள். திருடப் போன வீட்டு நாய் திருடன் பின்னாலேயே அவன் வீட்டுக்குக் குடிவந்துவிடுகிற அத்தியாயம். முடித்துப் போட்டுக் கேட்டாள். குரல் கண்ணாடி மாதிரி இருந்தது. நாய் வாலாட்டும் இடத்தில் மட்டும், "இக்!"

சனியன், மறுபடியும் விசிறியா? காதை வைத்துப் பார்த்தாள், இல்லை. நாற்காலியை ஆட்டிப் பார்த்தாள், அதுவும் இல்லை. திருடன் நாயிடம் கெஞ்சும் இடத்தில் இன்னொரு "இக்", அதைத் தொடர்ந்து ஒரு "கெக்கெக்". விசிறி எங்கேயாவது சிரிக்குமா?

அடிமேல் அடி வைத்துப் போய்க் கதவைப் படாரென்று திறந்தாள். முக்காலியில் கணவர். காலடியில் சுருட்டி ஒதுக்கிய போர்வை.

"தாழ்ப்பாள் லூசா இருந்துச்சு, அதான்..." என்றார். கையில் திருப்புளிகூட இல்லை.

"ரெண்டு மணி நேரத்துல அனுப்பணும், இப்படிக் கெடுத்துட்டீங்களே!" என்று ஆரம்பித்தவளை அவர் முடிக்க விடவில்லை.

"அந்தத் தையல்காரி பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பினாளே, கடைசியில போயிட்டாளா, இருந்துட்டாளா?"

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. அது போன நாவல். முடித்து மாசக்கணக்காகிறது.

"கடைசி அத்தியாயம் நீ படிச்ச அன்னிக்கு எவன் வீட்டு ஃபிரிட்ஜோ நின்னுபோச்சு. கூப்பிட்டுட்டான். அதுல முடிவு விட்டுப்போச்சு."

இத்தனை நாளும் அவர் சிரித்ததையெல்லாம் பழைய விசிறியின் இரைச்சல் விழுங்கியிருக்கிறது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"முதல்ல இதை முடிக்கிறேன். உள்ள வாங்க, சத்தம் வந்துச்சோ, தொலைஞ்சீங்க!"

அவர் கட்டிலில் உட்கார்ந்து தலையணையை வாயில் அழுத்திக்கொண்டார். அவள் மைக்கைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே படித்தாள். நாய் வாலாட்டியபோது அவர் தோள் இரண்டும் குலுங்கின, ஒரு சத்தமும் வரவில்லை.

அனுப்பிக் கொஞ்ச நேரத்தில் எடிட்டர் அம்மா கூப்பிட்டார். "மேடம், நாவல் உங்களுக்குத்தான். பின்னாடி சத்தம் துளிகூட இல்ல. ஆனா என்ன பண்ணீங்க? யாருக்கோ எதிர்ல உட்கார்ந்து சொல்ற மாதிரி இருக்கே!"

போனை வைத்துவிட்டு அவள் மைக்கை அணைத்தாள். அலமாரியிலிருந்து பழைய நாவலை எடுத்துக் கடைசி அத்தியாயத்தைப் பிரித்தாள். அவர் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஏங்க, இத்தனை மாசமா ஏன் கேட்கல? ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!"

"தூக்கம் வரும்னு சொல்லிட்டேன்ல," என்றார் அவர். "அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேட்கறது? படி."