கையைக் கண்டால் நிற்கிற கட்டை

கேம் டெஸ்டிங் வேலையில் ஒரு தப்பைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். அது தப்புதான் என்று பக்கத்து நாற்காலிக்காரரை ஒத்துக்கொள்ள வைக்க அரை வருஷம் ஆகும். நல்ல யோசனை ஒன்றை மேலே இருக்கிறவர்களிடம் தூக்கிக்கொண்டு போய், "பார்க்கலாம்" என்ற ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களிடம் புலம்பாமல் நான் வேறு யாரிடம் போய்ப் புலம்புவது?

துடைப்பம் கைமாறிய கதை

பொம்மசந்திராவில், இரும்புத் தகட்டை மெஷினில் அமுக்கி எடுக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் இருபத்திரண்டு வருஷம் தகடு அடித்தேன். முட்டி வலி வந்து நின்றுவிட்டேன். அப்புறம் அல்சூரில் எங்கள் வீட்டிலிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன் தள்ளி, ஒரு கேம் கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிற வேலை கிடைத்தது. அங்கே கட்டை அடுக்குகிற கேம் ஒன்று செய்துகொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் திரைக்குள் சதுரம் சதுரமாகக் கட்டைகள் இருக்கும். அடுக்கினால் வீடு, இன்னும் அடுக்கினால் ஊர். ஒரு நாள், கேம் என்றால் என்னவென்றே தெரியாத ஆள் ஒருத்தர் இதை விளையாடிப் பார்க்க வேண்டும் என்றார்கள். எல்லாருடைய கண்ணும் என் மேல் வந்து நின்றது.

நான் படித்தது அஞ்சாவது. எந்த பட்டன் முன்னால் போக, எது பின்னால் போக என்று பிடிபடாமல், என் பொம்மையைப் பின்பக்கமாகவே நடத்திக்கொண்டு போனேன். அது ஒரு வாசலுக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு நுழைந்து, பாதி உடம்பு சுவருக்குள் மாட்டி நின்றுவிட்டது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. டீமுக்குத் தலைவர் பிரபாகர், ஈரோட்டுக்காரர், என் மகள் வயசு இருக்கும். அவர் எழுந்து வந்து என் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை மாசத்தில் அந்த ஆபீஸில் யாருமே பின்பக்கமாக நடந்து பார்த்ததில்லையாம்.

"அக்கா, நாளையிலிருந்து துடைப்பத்தை வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க. நீங்க இங்கயே உட்கார்ந்து இதைக் கெடுத்துட்டே இருங்க."

மூணு செகண்ட்

கேமில் மேலேயிருந்து இறங்கி அமுக்குகிற கட்டை ஒன்று உண்டு. அடியில் களிமண் வைத்தால் ஓடாக வரும், வீட்டுக்கு வேயலாம். பார்த்ததுமே நான் "பிரஸ்" என்றேன், ஆபீஸில் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. ஓட்டை எடுக்க என் பொம்மை கையை நீட்டியது. பிரஸ் இறங்கியது. பொம்மை அப்பளமாகி, "பொப்" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு மறைந்தது. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். என் கை மவுஸை விட்டுவிட்டு மடிக்கு வந்திருந்ததை நான் அப்புறம்தான் பார்த்தேன்.

இதற்கு ஒரு சென்சார் வையுங்கள் என்றேன். ஏற்கெனவே இரண்டு சென்சார் கட்டைகள் இருந்தன. ஒன்று காலடி பட்டால் கதவைத் திறக்கும், இன்னொன்று இருட்டினால் விளக்கைப் போடும். நான் கேட்டது மூன்றாவது. பிரஸ்ஸுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கம்பம். நடுவில் வெளிச்சம் நூல் கட்டின மாதிரி போகும், கண்ணுக்குத் தெரியாது. கையோ காலோ அந்த நூலை அறுத்தால் பிரஸ் இறங்காமல் அப்படியே நிற்கும். பேக்டரியில் இதைக் கர்ட்டன் என்போம். எங்கள் புரோகிராமர் மஞ்சுநாத் கன்னடக்காரன், தமிழும் நன்றாகப் பேசுவான். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டான்.

"ஹௌதா, அப்படியா ஆன்ட்டி? ஆனா பொம்மை செத்தா மூணு செகண்ட்ல திரும்ப வந்துடுதே. அப்புறம் எதுக்கு நிறுத்தணும்?"

நிரம்பாத கட்டம்

யோசனை சொல்வதற்கு என்று ஒரு ஃபாரம் உண்டு. வாயால் சொன்னால் செல்லாது. நான் தமிழில் சொல்லச் சொல்ல மஞ்சு இங்கிலீஷில் தட்டினான். என்ன பொருள், என்ன செய்யும், மற்ற கட்டைகளோடு எப்படிச் சேரும், எல்லாம் கடகடவென்று போயிற்று. அத்தனை வருஷம் பக்கத்தில் நின்ற சாமான், எனக்குத் தெரியாதா? இரண்டு கம்பத்துக்கும் நடுவில் எத்தனை கட்டை தூரம் விடலாம் என்பதுவரை சொன்னேன்.

கடைசிக் கட்டத்தில் வண்டி நின்றது. "இதில் விளையாடுகிறவருக்கு என்ன ஜாலி?" என்று கேட்டிருந்தது. யோசித்தேன். டீ குடித்துவிட்டு வந்து மறுபடி யோசித்தேன். காலியாக விட்டு அனுப்பிப் பார்த்தோம், கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பித் தள்ளியது. விரலைக் காப்பாற்றுகிற சாமானுக்கு ஜாலி என்ன வேண்டிக்கிடக்கிறது? கடைசியில் பொறுமை போய், "விரல் மிஞ்சும்" என்று போடச் சொன்னேன்.

"அப்படியே போட்டா ஜோக்குன்னு நெனப்பாங்க ஆன்ட்டி."

சாவி

ஜோக் என்றேதான் நினைத்தார்கள். மீட்டிங்கில் சிரித்துவிட்டு ஃபாரத்தை ஓரம்கட்டினார்கள். மூன்று தடவை போய்க் கேட்டேன். மூன்று தடவையும் "பார்க்கலாம்". நாலாவது தடவை பிரபாகர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஸ்டெல்லா கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டெல்லா விவேக் நகர்க்காரி. பேக்டரியில் எனக்கு அடுத்த பிரஸ். ஒரு வருஷம் எங்கள் மெஷின்களுக்குக் கர்ட்டன் மாட்டினார்கள். நல்ல சாமான்தான். ஆனால் சட்டைக் கை உரசினாலும் நிற்கும், தகட்டுத் துண்டு எகிறினாலும் நிற்கும். ஒவ்வொரு தடவையும் மறுபடி பட்டனைப் போட்டு ஓட்ட வேண்டும். ஷிஃப்ட் முடிகிறபோது அடித்த பீஸ் குறையும், குறைந்தவர்களை வரிசையில் எல்லார் முன்னாலும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஸ்டெல்லா லீவில் இருந்த ஒரு நாள், நாங்கள் மூன்று பேர் நீலச் சட்டை போட்ட சூப்பர்வைசரிடம் போய் நின்றோம். இதை நிறுத்திக் கொடுங்கள் சார் என்று முதலில் வாயைத் திறந்தவள் நான். அவர் அதற்குத்தான் காத்திருந்தவர் மாதிரி இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். அதைத் திருப்பினால் கர்ட்டன் தூங்கிவிடும். வரிசை முழுக்கத் திருப்பினார், ஸ்டெல்லாவின் மெஷினையும் சேர்த்து. பத்து நாள் எல்லார் பீஸும் ஏறியது. பதினோராவது நாள் ஸ்டெல்லாவின் வலது கையில் இரண்டு விரல் போயிற்று. கேட்டது நான் என்று அவளிடம் நான் இன்றுவரை சொன்னதில்லை.

பிரபாகர் டேபிள் மேல் இருந்த தன் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தக் கடைசிக் கட்டத்தை நான் நிரப்பிக்கறேங்கக்கா. நீங்க போய் சாப்பிடுங்க."

கோழிப் புகார்

கட்டை வந்தது. முதலில் வெளியாட்கள் கொஞ்சப் பேருக்குக் கொடுத்து விளையாட விட்டார்கள். நான் மாலை மரியாதையை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். வந்தது முழுக்கக் கோழிப் புகார். கேமில் கோழிகள் இஷ்டத்துக்குத் திரியும். ஒருத்தர் பாடுபட்டு ஓட்டுத் தொழிற்சாலை கட்டி, பிரஸ்ஸை ஓட விட்டு, காடு மலையெல்லாம் சுற்றிவிட்டு வந்து பார்த்தால் ஓர் ஓடுகூட இல்லை. இரண்டு கம்பத்துக்கும் நடுவில் ஒரு கோழி நின்றுகொண்டிருக்கிறது. நூல் அறுந்தால் பிரஸ் நிற்கத்தானே செய்யும்? அதற்குக் கையும் கோழியும் ஒன்றுதான்.

வேலி கட்டுங்கள் என்று பதில் போடச் சொன்னேன். வேலி கட்டுவதற்கு எங்களுக்கு நேரமில்லை என்று பதில் வந்தது. காலையிலிருந்து உட்கார்ந்து கேம் விளையாடுகிறவர்களுக்கு நேரமில்லையாம். அன்றைக்கு வந்ததில் கடைசிப் புகாரை மஞ்சு தமிழில் வாசித்துக் காட்டினான்.

"சென்சார் சூப்பர். இதை ஆஃப் பண்றதுக்கு மட்டும் ஒரு சாவி குடுத்துடுங்க."

சுவிட்சு எங்கே வைப்பது

சாவி கூடவே கூடாது என்றேன். ஆஃப் இல்லாத சாமானை எவரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள், கட்டையையே பிடுங்கி எறிந்துவிடுவார்கள் என்றார் பிரபாகர். அவர் சொன்னது நியாயம். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அன்றைக்குக் கர்ட்டனை நிறுத்தச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி ஆயிற்றே. மூன்று நாள் இழுபறி. கோபத்தில் பழைய பழக்கம் திரும்பி, துணியை எடுத்து எல்லார் டேபிளையும் துடைக்க ஆரம்பித்துவிட்டேன். புதிதாகப் பெருக்க வந்திருந்த அம்மா, தன் வேலையை நான் பிடுங்குகிறேன் என்று பயந்துபோய் ஆபீஸில் சொல்லிவிட்டாள். அது ஒரு தனித் தலைவலி.

மஞ்சுவின் டேபிளைத் துடைக்கிறபோதுதான் தோன்றியது. எங்கள் சூப்பர்வைசரின் சாவி அவர் இடுப்பில் இருந்தது, அவர் கண்ணாடி ரூமுக்குள் இருந்தார். கை மட்டும்தான் எங்களுடையது. சுவிட்சு வையுங்கள் என்றேன், ஆனால் பிரஸ்ஸுக்கு நேர் அடியில், ஓடு விழுகிற இடத்தில் வையுங்கள். அதை அமுக்கிப் பிடித்திருக்கிறவரைக்கும் கர்ட்டன் தூங்கட்டும், கையை எடுத்தால் முழித்துக்கொள்ளட்டும். அப்படியென்றால் ஆஃப் பண்ணினவன் தலையிலேயே இறங்குமே என்றான் மஞ்சு. ஆமாம் என்றேன். ஆஃப் கேட்டார்கள், ஆஃப் கொடுத்தாயிற்று. பிரபாகரும் சரி என்றார். மஞ்சு சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ஆன்ட்டி, நீங்க ரொம்ப டேஞ்சர் பார்ட்டி."

ஸ்டெல்லா விளையாடினாள்

ஒரு சனிக்கிழமை, கேம் தெரியாத ஆட்களை மறுபடி தேடினார்கள். நான் ஸ்டெல்லாவைக் கூட்டி வந்தேன். மவுஸை இடது கையில் பிடித்தாள். வீடு கட்டவில்லை, மரம் வைக்கவில்லை, நேராக பிரஸ்ஸுக்குப் போனாள். பொம்மை கையை நீட்டியது, பிரஸ் நின்றது. கையை எடுத்தாள், ஓடியது. மறுபடி நீட்டினாள், நின்றது. இதையே செய்துகொண்டிருந்தாள். ஆன்ட்டி, அந்தப் பக்கம் ஏரி இருக்கிறது, படகு இருக்கிறது என்று மஞ்சு சொல்லிப் பார்த்தான். அவள் காதிலேயே விழவில்லை. வாங்கி வைத்த டீயில் ஏடு படிந்துவிட்டது.

அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, ஆஃப் எங்கே என்று கேட்டாள். ஒன்று இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். காட்டினேன். பொம்மையை உள்ளே நடத்திக்கொண்டுபோய் சுவிட்சை அமுக்கினாள். பிரஸ் இறங்கியது. பொப். திரையில் பிரஸ் மட்டும் இருந்தது. அந்த மூணு செகண்டுக்குள் சொன்னால்தான் உண்டு என்று தோன்றிவிட்டது எனக்கு. அன்றைக்கு சாவியைத் திருப்பச் சொல்லி முதலில் கேட்டது நான்தான் ஸ்டெல்லா என்றேன். பொம்மை திரும்பி வந்தது. அவள் அதை மறுபடி பிரஸ் பக்கம் நடத்தினாள்.

"தெரியும்டி தனம், ஆஸ்பத்திரியிலேயே சொல்லிட்டாங்க. கேட்டது மூணு பேர், சாவி வெச்சிருந்தது ஒருத்தன். அந்தத் தம்பிகிட்ட சொல்லி இந்தப் பொம்மைக்கு அந்தச் சாவிக்காரனோட நீலச் சட்டையைப் போட்டு விடு, நான் இன்னும் கொஞ்ச நேரம் விளையாடறேன்."

இப்போது கேம் ஊரெல்லாம் போய்விட்டது, தினமும் எவராவது ஒருத்தர் "இந்த ஆஃப் சுவிட்சை எவன் போய் அங்க நின்னு அமுக்குவான், இடத்தை மாத்துங்க" என்று புகார் எழுதுகிறார், நானும் சளைக்காமல் எல்லாருக்கும் மஞ்சுவை விட்டு ஒரே பதில் போடச் சொல்கிறேன்: பார்க்கலாம்.