வெர்லா ஜெயித்த சனிக்கிழமைகள்

வெர்லா ஹுடாக்கை எனக்குப் பத்தொன்பது வருஷமாகத் தெரியும். கார்வர் ஃபால்ஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டு கழுவும் இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அந்த இரைச்சலில் பேசவேண்டும் என்றால் கத்தவேண்டும். நான் கத்துவேன். அவள் தலையாட்டுவாள். முன்னூறு பிள்ளைகளில் யாருக்கு வேர்க்கடலை ஆகாது, யாருக்கு வீட்டில் ராத்திரி சாப்பாடு இருக்காது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். இரண்டாவது ரகப் பிள்ளைகளின் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாக விழும். மேற்பார்வையாளர் பார்க்காதமாதிரி போய்விடுவார்.

அவள் புருஷன் டேல் அடிக்கமாட்டான். இதை ஊரில் ஏதோ விருது வாங்கினமாதிரி சொல்வார்கள். அடிக்கமாட்டான், சரி. சாயங்காலம் அவள் வீடு திரும்பியதும் வண்டியில் எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று எட்டிப் பார்ப்பான். பள்ளிக்கூடத்துக்குப் போய்வர ஆறு மைல். ஏழு ஆகியிருந்தால் ராத்திரி முழுக்க விசாரணை. சம்பளச் செக்கைப் பிரிக்காமல் அவன் கையில் கொடுக்கவேண்டும். போனில் அவள் பேசினால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெர்லாவுக்கு ஒரே ஒரு ஆசை. நியூ மெக்சிகோவில் இருக்கும் அக்கா ஜோனிடம் போய்விட வேண்டும், திரும்பி வரவே கூடாது. இதை அவள் சொன்ன ஒரே ஆள் நான்தான்.

டேல் வாராவாரம் சுரண்டிப் பார்க்கிற லாட்டரிச் சீட்டு வாங்குவான். சுரண்டும்போது ஒரே தொலைக்காட்சிப் பெட்டிப் படம் மூன்று இடத்தில் வந்தால் மாநில லாட்டரியின் சனிக்கிழமை ஷோவுக்கு மனுப் போடலாம். சீட்டின் பின்னால் பேரும் விலாசமும் எழுதித் தபாலில் அனுப்பவேண்டும். உருளையில் போட்டுச் சுற்றி எட்டுப் பேரைக் குலுக்கி எடுப்பார்கள். டேல் தன் பேரை எழுதமாட்டான். முதல் சம்சாரத்தின் இரண்டு பிள்ளைகளுக்குக் கோர்ட்டு கட்டச் சொன்ன பராமரிப்புப் பணத்தை அவன் கட்டியதில்லை. அவன் பேரில் பரிசு விழுந்தால் அரசாங்கமே பிடித்து அந்தப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடும். அதனால் எல்லாச் சீட்டிலும் வெர்லா பேர். இந்தச் சாமர்த்தியத்தை மதுக்கடையில் நாலு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தான், மகாபுத்திசாலி.

தொண்ணூற்றாறு பிப்ரவரியில் அவள் பேர் விழுந்தது.

"மேடையில போய் நிக்கறதுதான் உன் வேலை. சீட்டு என்னுது, ஞாபகம் வச்சுக்கோ" என்று என் முன்னாலேயே சொன்னான்.

"நிக்கப்போறது அவ, டேல். செக்கும் அவ பேர்லதான் வரும்" என்றேன்.

"பேங்க் கணக்கு ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு, ஃபே. நீ போய் உன் சூப்பக் கிண்டு."

பன்னிரண்டு பேருக்கு மஞ்சள் பனியன் அச்சடித்தான். நெஞ்சில் கொட்டை எழுத்தில் 'எங்க வெர்லா'. நானும் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். ஆட்டத்தில் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் கிடையாது. பெரிய பலகையில் இருபத்துநாலு கதவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். எண்ணைச் சொன்னால் கதவு திறக்கும், பின்னால் தொகை இருக்கும். யாருக்கு அதிகமோ அவர் சாம்பியன். வெர்லா இருபத்தெட்டாயிரம் டாலர் ஜெயித்தாள். தொகுப்பாளர் அவள் தோளில் கை போட்டு, "இந்தப் பணத்த வச்சு என்ன செய்யப்போறீங்க வெர்லா?" என்றார். டேல் எழுந்து நின்று இரண்டு கையாலும் துடுப்புப் போட்டுக் காட்டினான்.

"படகு வாங்கணும்" என்றாள். குளியல் தொட்டியில் தண்ணீர் முழங்காலைத் தாண்டினாலே பயப்படுகிறவள்.

சாம்பியன் என்றால் அடுத்த சனிக்கிழமையும் வந்து ஆடவேண்டும். தோற்று வெளியேறும்வரைக்கும் செக் கிடையாது. இது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை இயந்திரத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் வந்தாள். "பணம் வேணாம் ஃபே. எனக்குப் போனாப் போதும். நாளைக்கு மத்தியானம் பஸ் இருக்கு. உன் வண்டியில கொண்டு விடறியா?"

அவள் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. சரி என்றேன்.

எங்கள் ஊரில் வெளியூர் பஸ் நிற்பது ஓடிஸின் பெட்ரோல் பங்க்கில். டிக்கெட்டும் அவனிடம்தான். லாட்டரிச் சீட்டும் அவனிடம்தான். டேல் சீட்டு வாங்குவதே அங்கேதான். இது எனக்குத் தெரியாதா? தெரியும். அத்தனை வருஷமாக அவளுக்காகக் கரித்துக்கொட்டினேனே தவிர, ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசிக்கவில்லை. நாற்பது மைல் தள்ளி அடுத்த நகரத்துக்குக் கூட்டிப்போய் ஏற்றியிருக்கலாம். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளைக்குள் முடித்துவிடலாம் என்று பார்த்தேன், மடச்சி.

மறுநாள் பங்க்குக்குள் நுழைந்து அவள் வாய் திறப்பதற்குள் ஓடிஸ் கல்லாவைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தான். "அடேங்கப்பா! நம்ம சாம்பியன்! வெர்லா, நான் வித்த சீட்டு அது, தெரியுமில்ல?" புதுச் சீட்டுக்கட்டை அவள் முன்னால் வைத்து, "கையால ஒரு தடவு தடவிட்டுப் போ, கண்ணு. ராசியான கை" என்றான். கடையில் இருந்த மூன்று பேரும் சீட்டு வாங்கி நீட்டினார்கள். ஒவ்வொன்றையும் தடவினாள். அக்கா ஊரான அல்புகர்க்கிக்கு ஒரு டிக்கெட் என்று அவள் மெல்லச் சொன்னபோது ஓடிஸுக்கு வாயெல்லாம் பல். "ரெண்டுதானே? டேல் வராம எப்படி? இரு, அவனுக்குப் போன் போட்டு வாழ்த்துச் சொல்லிடறேன்."

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. நல்ல மனசோடுதான் போன் செய்தான்.

பஸ்ஸுக்கு முன்னால் டேல் வந்துவிட்டான். கத்தவில்லை. சிரித்துக்கொண்டே அவள் பெட்டியைத் தூக்கித் தன் வண்டியின் பின்சீட்டில் வைத்தான்.

"அக்காவ இங்க வரவழைக்க எவ்வளவு ஆகும்னு கேக்க வந்தேன்" என்றாள் வெர்லா.

"பெட்டியோடவா?" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "உன் வண்டிக்கு எதுக்கு வீண் சிரமம், ஃபே? இனிமே நானே கொண்டு விட்டுக் கூட்டிட்டு வரேன்" என்றான்.

அப்படியே செய்தான். மணி அடிக்கும் முன்பே சமையலறை வாசலில் வண்டி நிற்கும். வெளியே அவளால் இரண்டடி நடக்க முடியவில்லை. யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஊரே அவளைக் கொண்டாடியது. ஊரே அவள் எங்கே நிற்கிறாள் என்று டேலுக்குச் சொன்னது.

"இந்த வாரம் தோத்துரு. செக்க வாங்கற வழிய அப்புறம் பாக்கலாம்" என்று அவள் காதில் கத்தினேன்.

"எப்படித் தோக்கறது?" என்று கேட்டாள்.

 எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இரண்டாவது சனிக்கிழமை, ராசியில்லாத எண் என்று பதிமூன்றைச் சொன்னாள். பதினைந்தாயிரம், அன்றைக்கு அதுதான் அதிகம். கூட்டம் கூரை பிய்ந்துபோகிறமாதிரி கத்தியது.

மூன்றாவது வாரமும் ஜெயித்தாள். காகிதத் துணுக்குகள் மேலேயிருந்து கொட்டின. அவள் முகத்தில் ஒரு களையும் இல்லை. தொகுப்பாளர் ஒலிவாங்கியை நீட்டி, "படகு வந்தாச்சுன்னே வச்சுக்குவோம். அடுத்தது என்ன?" என்றார்.

வெர்லா டேலைப் பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்தாள்.

"நான் போயிடப்போறேன். திரும்பி வரமாட்டேன்."

தெளிவாகச் சொன்னாள். மாநிலம் முழுக்கக் கேட்டிருக்கும். தொகுப்பாளர் வாய் திறந்தபடி நின்றார். கைதட்டல் ஓய்ந்தது. என் பக்கத்தில் இருந்த டேல் மெதுவாக எழுந்தான். அவன் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேன். இன்னும் ஒரு நொடி அந்த அமைதி நீடித்தால் அவள் நிஜமாகத்தான் சொன்னாள் என்று அவனுக்கு உறுதியாகிவிடும், ஷோ முடிந்து இவள் அவனோடுதான் வண்டியில் ஏறவேண்டும் என்பது மட்டும்தான் என் புத்தியில் ஓடியது.

நான் சிரித்தேன். சமையலறையில் கத்துகிற அதே குரலில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அது போதுமாக இருந்தது. பின்வரிசை சிரித்தது, பிறகு அரங்கம் மொத்தமும். "எங்க, ஹவாய்க்கா?" என்று தொகுப்பாளரும் பிடித்துக்கொண்டார். டேல் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, தானும் சிரித்து, கைதட்ட ஆரம்பித்தான்.

வெர்லா அத்தனை பேரில் யார் முதலில் சிரித்தது என்று தேடினாள். என்னைக் கண்டுபிடித்தாள். அவளைக் காப்பாற்றத்தான் சிரித்தேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவள் பார்வை அப்படிச் சொல்லவில்லை.

"ஆமா, ஹவாய்தான்" என்றாள் ஒலிவாங்கியில்.

"அடுத்த சனிக்கிழமை வருவீங்கல்ல, சாம்பியன்?"

"வருவேன்" என்றாள்.