ரெமிஜியஸுக்கு எடுத்த கல்லறை

கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஏரியையும் குதிரையையும் பார்க்க வருகிறவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் படுத்தெழுந்த மெத்தை விரிப்பை மாற்ற, குளிக்க வெந்நீர் கொண்டுபோய்க் கொடுக்க, ஸ்வெட்டர் கடையில் நாள் முழுக்கக் கால் கடுக்க நிற்க என்று இன்னொரு கூட்டமும் மலையேறிக்கொண்டேதான் இருக்கிறது. அதில் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம் உண்டு. சீசன் முடிந்து மலை வெறிச்சோடும் மாதங்களில்தான் இவர்களுக்கு உயிர் வரும். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து, வீட்டுக்கு வீடு மாற்றி அன்பியக் கூட்டம் வைப்பார்கள். ஜெபம் பாதி, ஊர்ப் பேச்சு பாதி. மேட்டூர் திறந்தாச்சா, குறுவை தேறுமா என்று ஆரம்பித்து, யார் வீட்டுப் பெண் யாரோடு பேசினாள் என்பதில் வந்து முடியும்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்றைக்கு அவரவர் வீட்டுச் செத்தவர்களின் கல்லறையைக் கழுவி, பூப் போட்டு, மெழுகுவத்தி கொளுத்த வேண்டும். இவர்களுடைய செத்தவர்களோ ஒரத்தநாட்டிலும் கும்பகோணத்துப் பக்கமும் வயலோரமாகப் படுத்திருக்கிறார்கள். லாட்ஜ் முதலாளி அதற்கெல்லாம் லீவு கொடுக்க மாட்டான். அதனால் இவர்களாகவே ஒரு வழக்கம் பண்ணிக்கொண்டார்கள். மேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் பேர் அழிந்து, பாசி பிடித்து, கேட்பாரில்லாமல் கிடக்கிற பழைய கல்லறைகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வார்கள். உள்ளே கிடப்பது எந்தத் துரையோ, எந்தத் தோட்டக்காரனோ, மேலே கொளுத்துவது தங்கள் ஆளுக்கு. இதற்குக் ‘கல்லறை எடுக்கிறது’ என்று பெயர்.

ஜெனிட்டாவும் ஒன்று எடுத்திருந்தாள், புருஷன் ரெமிஜியஸுக்காக. அதில் ஒரே ஒரு கோளாறு. ரெமிஜியஸ் சாகவில்லை.

அவன் அறுவடை மெஷின் ஓட்டுகிறவன். திருப்பனந்தாள் பக்கத்தில் வீடு. ஒரு வருஷம் அறுப்புக்கென்று மெஷினோடு ஆந்திரா போனவன் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். போனில் ஒரே ஒரு தடவை பேசினான், ‘என்னைத் தேடாதே’ என்று. கைப்பிள்ளையோடு நின்றவளைப் பார்த்து ஊரே உச்சுக்கொட்டியது. அது பொறுக்காமல்தான் மலையேறினாள். இங்கே அன்பியத் தலைவி ஆரோக்கியம் அக்கா, ஒரத்தநாட்டுக்காரி, முதல் நாளே கேட்டுவிட்டாள்.

“வீட்டுக்காரரு எங்கம்மா?”

“கொள்ளிடத்து வெள்ளத்துல போயிட்டாருக்கா. உடம்புகூடக் கெடைக்கல.”

அந்த வருஷம் கொள்ளிடத்தில் நிஜமாகவே வெள்ளம். யாரும் சந்தேகப்படவில்லை. அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள், லாட்ஜில் வேலை வாங்கிக் கொடுத்தாள், வீடு பிடித்துக் கொடுத்தாள். ஓடிப்போனவன் பெண்டாட்டிக்குக் கிடைக்காத மரியாதை செத்தவன் பெண்டாட்டிக்குக் கிடைத்தது. இதற்காக அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கல்யாணப் போட்டோவில் தன்னை வெட்டிவிட்டு, அவனை மட்டும் பெரிதாக்கி ஃபிரேம் போட்டாள். வருஷா வருஷம் அந்தப் படத்தைக் கல்லறையின் மேல் வைத்து மாலை போடுவாள். மொத்த அன்பியமும் நின்று ரெமிஜியஸின் ஆத்மாவுக்காக வேண்டிக்கொள்ளும். மகள் பிரின்ஸி படத்தை முத்தமிட்டே வளர்ந்தாள். இப்போது அவளுக்கும் ஆரோக்கியம் அக்காவின் மகன் குழந்தைராஜுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ‘தகப்பன் இல்லாத பொண்ணு, நாம பாக்காம யாரு பாக்குறது’ என்று அக்காவே வலிய வந்து கேட்டிருந்தாள். பொய் வெளியே வந்தால் அந்தக் கல்யாணம் நின்றுபோகும் என்று ஜெனிட்டா தினமும் பயந்துகொண்டிருந்தாள்.

இன்னொன்றும் இருந்தது. மற்றக் கல்லறைகளில் மெழுகுவத்தி நின்று எரியும். இவள் கொளுத்தியது மட்டும், ஓர் இலைகூட அசையாத நேரத்திலும், யாரோ குனிந்து வாயால் ஊதினாற்போல அணைந்துவிடும். ‘தண்ணியில போன ஆத்மா, இன்னும் ஈரம் காயல’ என்பாள் அக்கா. உயிரோடு இருக்கிறவனுக்குக் கொளுத்தினால் எரியாது என்று ஜெனிட்டாவுக்குத் தெரியும். தெரிந்தும் கொளுத்தினாள்.

இந்த வருஷம் மத்தியானம் தாண்டியதுமே மேகம் இறங்கிவிட்டது. பக்கத்தில் நிற்கிற மரம் தெரியவில்லை. ஜெனிட்டா எல்லாருக்கும் முன்னால் போய், கல்லைத் தேய்த்துக் கழுவி, படத்தை வைத்து, மெழுகுவத்தியைக் கொளுத்தினாள். திரி பிடித்தது. அணையப் போகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றாள். அணையவில்லை. சுடர் ஆடாமல் அசையாமல் நின்று எரிந்தது. அப்படியானால் நிஜமாகவே செத்துவிட்டானா என்று படத்தைப் பார்த்தாள்.

பக்கத்துக் கல்லறையிலிருந்து இருமல் சத்தம் கேட்டது. ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். மேகம் நனைத்துச் சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது, தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“அது என் போட்டோதானே?” என்றான்.

குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது.

“எதுக்கு வந்தீங்க?” என்றாள். இத்தனைக்குப் பிறகும் வாயில் மரியாதை வந்ததில் அவளுக்கே எரிச்சல்.

“நீ கொடைக்கானல்ல இருக்கேன்னு ஊர்ல சொன்னாங்க. பஸ் ஸ்டாண்டுல ஷேக் பரீத்னு ஒருத்தரு டீக்கடையில விசாரிச்சேன். நீ இங்க இருப்பேன்னாரு.” மறுபடி இருமினான். “நெஞ்சுல வியாதி. டாக்டர் கையை விரிச்சுட்டாரு. பிள்ளையை ஒருதரம் பாத்து, நாந்தான் உன் அப்பான்னு சொல்லிட்டுப் போயிடுறேன் ஜெனி.”

“இங்க நீங்க செத்துப் போயிட்டீங்க.”

“தெரியுது.” கல்லையே பார்த்தான். “வருஷத்துல இந்த ஒரு நாளு எனக்கு மூச்சு அடைக்கும். மேல யாரோ பாரத்த ஏத்தி வச்சாப்ல இருக்கும். ஏன்னு இப்பத்தான் புரியுது.”

போகச் சொல்ல வாயெடுப்பதற்குள் பாட்டுச் சத்தம் வந்துவிட்டது. மேகத்துக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக மெழுகுவத்திகள் வெளிப்பட்டன. முன்னால் ஆரோக்கியம் அக்கா, பின்னால் பிரின்ஸி, அப்புறம் மொத்த அன்பியமும். அக்கா நின்றாள். படத்தைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தாள். பாட்டு அப்படியே நின்றுபோனது.

“சேசுவே,” என்றாள் அக்கா. “ரெமிஜியஸ் தம்பி... கரையேற முடியாம இங்கயே நிக்கிறியாப்பா?”

அவன் எழுந்தான். “அக்கா, நான் வந்து...” என்றான். மீதியை இருமல் விழுங்கிவிட்டது.

“பேச வேண்டாம்ப்பா. உனக்காகத்தான் வேண்டிக்கிறோம்.” அக்கா ஈரத் தரையில் முழங்காலிட்டாள். எல்லாரும் முழங்காலிட்டார்கள். இறந்தவர்களுக்கான நித்திய இளைப்பாற்றி ஜெபத்தை அக்கா நடுங்கிக்கொண்டே ஆரம்பிக்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒருவரும் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிரின்ஸி மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் ஜெனிட்டாவைப் பார்த்தான். ‘உயிரோடதான் இருக்காரு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது ஜெபம். எல்லாரையும்விடச் சத்தமாக வந்தது. நிறுத்த முடியவில்லை, நிறுத்தவும் அவள் விரும்பவில்லை.

ஜெபம் முடிந்தது. அவன் தலையைக் குனிந்து, தனக்காகச் சொன்ன ஜெபத்துக்குத் தானே ‘ஆமென்’ சொன்னான். முழங்காலிட்டிருந்தவர்களுக்கு நடுவே மெல்ல நடந்து, பிரின்ஸியின் பக்கத்தில் ஒரு நொடி நின்று குனிந்தான். அப்படியே நிமிர்ந்து கேட்டை நோக்கி நடந்தான். கேட்டைத் தாண்டியதும் மேகம் மூடிக்கொண்டது.

அன்றைக்குச் சாயந்திரம் அந்தத் தெருவே ஜெனிட்டாவின் வீட்டில்தான் இருந்தது. ஆமென் சொல்லிவிட்டார், ஆத்மா கரையேறிவிட்டது என்று பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். இனி ரெமிஜியஸுக்கு வேண்டுதல் தேவையில்லை என்றாள் அக்கா. இப்படி ஒரு ஆசீர்வாதம் எந்தக் கல்யாணத்துக்குக் கிடைக்கும் என்று குழந்தைராஜைக் கூப்பிட்டு, சிலுவை போட்டுக்கொள்ளச் சொன்னாள். ஜெனிட்டா எல்லாருக்கும் காபி கலந்து கொடுத்தாள்.

எல்லாரும் போன பிறகும் பிரின்ஸி வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

“அம்மா, அப்பா எங்கிட்ட குனிஞ்சப்ப மூஞ்சியில மூச்சு பட்டுச்சு.”

ஜெனிட்டா டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“சூடா இருந்துச்சும்மா.”

“பனி இறங்குது. கதவச் சாத்து,” என்றாள் ஜெனிட்டா.

பிரின்ஸி சாத்தவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கமாக இறங்கி ஓடினாள்.