புதன்கிழமை ஓய்வு

பெண்கள் ஜிம்மில் அவளுக்குக் கோச்சக்கா என்றுதான் பெயர். எடையும் ஓட்டமும் ஒரே உடம்பில் எப்படி ஒத்துப்போக வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. செவ்வாய் மாலை தோளில் இரும்புக் கம்பியை வைத்துக் குந்தி எழுந்தால், புதன் ஓய்வு, வியாழன் ஓட்டம். நடுவில் அந்த ஒரு நாள் இல்லாவிட்டால் கால் தேறாது. தேறாத காலைப் போட்டு விரட்டினால் மூன்றே மாதத்தில் எப்பேர்ப்பட்ட உடம்பும் கந்தலாகிவிடும். இதை வருகிறவர்களிடமெல்லாம் வாய் வலிக்கச் சொல்வாள்.

அந்த வருடம் தீயணைப்பு நிலையத்தில் பெண்களுக்கு ஒரே ஓர் இடம் வந்தது. மூன்று கிலோமீட்டர் ஓடி முடித்த கையோடு, நாற்பது கிலோ மணல்மூட்டையைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏற வேண்டும். கோச்சக்காவின் தங்கை விண்ணப்பித்தாள். புருஷனிடம் வாங்கிய அடி போதும் என்று வந்து, ஜிம்மை ஒட்டிய அக்காவின் ஒற்றை அறையில் ஒண்டிக்கொண்டிருந்தவள். பார்சல் கிடங்கில் பெட்டி தூக்கும் ஒருத்தியும் விண்ணப்பித்தாள். ஜிம்மில் அவளைப் பார்சல் என்றே கூப்பிட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். வயது வரம்பு அவளுக்கு அந்த வருடத்தோடு முடிகிறது. அதை விட்டால் இடுப்பு ஒடியும்வரை பெட்டிதான்.

முதல் நாள் சோதனை ஓட்டத்திலேயே பார்சல் தங்கையை இரண்டு நிமிடம் முந்திவிட்டாள். மூட்டையை இறக்கி வைத்தபோது அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. கோச்சக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

அன்று மாலையே இரண்டு அட்டவணைகளை எழுதினாள். தங்கையின் அட்டவணையில் புதன்கிழமைக்கு நேராக ஓய்வு. பார்சலின் அட்டவணையில் அதே இடத்தில், விடிகாலை வேக ஓட்டம். வேறு ஒரு நாளையும் அவள் தொடவில்லை.

பார்சல் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். "அக்கா, புதன்கிழமை எனக்கு லீவு கிடையாதா?"

"அதெல்லாம் நோஞ்சானுங்களுக்கு. நீ இரும்புடி."

வாழ்நாளில் யாரும் அவளை அப்படிப் பாராட்டியதில்லை. முகமெல்லாம் பல்லாகப் போனாள்.

மூன்றாவது வாரம் மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்கினாள். ஆறாவது வாரம் முழங்காலுக்குக் கீழே துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினாள். கிடங்கில் ஒரு பெட்டியைத் தவறவிட்டு, எல்லோர் முன்னாலும் ஏச்சு வாங்கினாள். ஓட்ட நேரம் வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனது. கேட்டபோதெல்லாம், உடம்பு பழகுகிறது, பல்லைக் கடித்துக்கொள் என்று கோச்சக்கா தேற்றினாள். இரண்டு அட்டவணைகளையும் ஒருநாள் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த தங்கை, ஏன் இப்படி என்று மெல்லக் கேட்டாள். உன் வேலையைப் பார் என்றாள் அக்கா. தங்கை அப்படியே தன் வேலையைப் பார்த்தாள். அவளும் ஒன்றும் பச்சைக் குழந்தையில்லை.

தேர்வன்று பார்சல் நொண்டிக்கொண்டே மூன்று கிலோமீட்டரை முடித்தாள். இரண்டாவது மாடியில் மூட்டையோடு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. தங்கைக்கு வேலை கிடைத்தது.

பத்து நாள் கழித்துப் பார்சல் ஜிம்முக்கு வந்தாள், பதினைந்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு. கையில் அதே அட்டவணை. கிழியாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தாள்.

"நீங்க ஒரு குறையும் வைக்கலக்கா. என் உடம்புதான் காலை வாரிடுச்சு. இவ சின்னப் பொண்ணு, தாங்குவா. இப்பவே ஆரம்பிச்சா வயசு வரும்போது தயாரா இருப்பா."

கோச்சக்கா அட்டவணையை வாங்கினாள். ஒரு வரியை அடித்து, ஒரு வார்த்தையை எழுதினால் போதும். பேனா மேசை மேலேயே கிடந்தது. ஆனால் அம்மாக்காரி பார்த்துக்கொண்டிருக்கிறாள். இப்போது ஓய்வு என்று எழுதினால், அப்போது ஏன் எழுதவில்லை என்று கேட்க மாட்டாளா? பக்கத்து அறையில் தங்கை புதுச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இதுல இருக்கிறபடியே செய்யணும். ஒரு நாள்கூட விடக்கூடாது," என்று அட்டவணையைத் திருப்பிக் கொடுத்தாள்.

மகள் தலையாட்டிவிட்டுக் கம்பியைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். அன்று செவ்வாய்க்கிழமை.