விளிம்புவரை பட்டர்

பட்டர்

திரும்பி வரும் தட்டை முகம் கோணாமல் வாங்குவதுதான் சாப்பாட்டுக் கடை வேலையில் பாதி. வாங்கினேன். ஒரு பஸ் சாரதி ஹாம் சாண்ட்விச்சின் இரண்டு துண்டுப் பாணையும் பிரித்துக் காட்டினார். கடுகு விழுது, தக்காளி, லெட்டஸ் எல்லாம் இருந்தன. நான் வளர்ந்த ஒஹாயோவில் அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

"பட்டர் பூசாத பாணை நான் ஆஸ்பத்திரியில்கூடச் சாப்பிட்டதில்லை" என்றார்.

இரண்டு கிழமை

யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் பிள்ளையான நான், எண்பதுகளின் கடைசியில், ஒரு வருடப் படிப்புக்காக லண்டன் வந்திருந்தேன். எட்மண்டனில் மாமா வீட்டில் ஒன்பது பேர். எனக்குக் கிடைத்தது சமையலறைத் தரை. அங்கே படுத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிக்க முடியாது. ஸ்ட்ரெதமில் கடை வைத்திருந்த சிவம் அண்ணையிடம், மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. வேலைக்கு நிற்பவருக்குத்தான் அது.

"ரெண்டு கிழமை, பதினாலு நாள் பாப்பம். சரிவந்தா அறை உனக்கு. இல்லையெண்டா மாமாவிட்டப் போ" என்றார்.

சாரதியின் தட்டு திரும்பி வந்த நாளிலிருந்து சூரைமீன் சாண்ட்விச்சுக்கும் பட்டர் பூசினேன். கோழிக்கும் பூசினேன்.

தேத்தண்ணி

ஒஹாயோவில் எங்கள் கல்லூரிக் கன்டீனில் தேநீர் என்றால் ஒரு கோப்பை சுடுநீர், பக்கத்தில் தேயிலைப் பை, ஒரு துண்டு எலுமிச்சை. அப்படியே கொண்டுபோய் ஒரு கிழவியின் முன்னால் வைத்தேன். அவர் கோப்பையைச் சுற்றிப் பாலைத் தேடிவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற மன்னார் ரெஜினா அக்கா கோப்பையை எடுத்துத் தொட்டியில் ஊற்றினார்.

"தேத்தண்ணி போடத் தெரியாத யாழ்ப்பாணத்தானை இப்பதான் பாக்கிறன்."

ஐஸ்

கவுண்டருக்குப் பின்னால் நின்றவர்களுக்கு இது புரியும்: தாராளமாகக் கொடுத்தால் மெச்சுவார்கள் என்றுதான் நாமெல்லாம் நம்புகிறோம். ஒரு கொத்தனாருக்குக் கண்ணாடிக் குவளை நிறைய ஐஸ் போட்டு, இடைவெளியில் கோலா ஊற்றிக் கொடுத்தேன்.

"குடிக்கத்தான் கேட்டேன். எனக்குக் கால் சுளுக்கவில்லை" என்றார்.

பீன்ஸ்

டோஸ்ட் நனைந்துவிடக் கூடாதென்று, தக்காளிக் குழம்போடு வரும் பீன்ஸைத் தனிக் கிண்ணத்தில் வைத்தேன். பெயின்ட் அடிக்கும் ஒருவர் கிண்ணத்தை டோஸ்டின் மேல் கவிழ்த்தார்.

"நனையத்தானே அது கீழே கிடக்கிறது."

இப்படி ஒவ்வொன்றையும் ஆர்டர் துண்டுகளின் பின்பக்கத்தில் எழுதி, பஸ்ஸில் பாடம் செய்தேன். பொருளாதாரத்தைக்கூட அப்படிப் படித்ததில்லை.

இரண்டாம் சனி

பத்து மணிக்கு அதே பஸ் சாரதி வந்தார். ஹாம் சாண்ட்விச். கல்லாவில் சிவம் அண்ணை, குசினி வாசலில் ரெஜினா அக்கா. சாரதி மேல் பாணைத் தூக்கிப் பார்த்தார். மூடினார். சாப்பிட்டார். அன்று ஒரு தட்டும் திரும்பி வரவில்லை.

மூன்று மணிக்குச் சிவம் அண்ணை ஒரு சாவியைக் கவுண்டரில் வைத்தார்.

"ஏழாவது படி ஆடும். பாத்து ஏறு."

சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத நான் எனக்கென்று இரண்டு துண்டுப் பாணை எடுத்து, முதலில் விளிம்புவரை பட்டர் பூசினேன்.