ஹம்மர்பெஸ்டில் அப்பாவோடு இருந்த குளிர்காலம்

நனைந்த கம்பளியும் மீனும் கலந்த வாடை, கதவு திறந்ததும் அப்பாவுக்கு முன்னே வீட்டுக்குள் வந்துவிடும். நாங்கள் "மீன் ஜக்கெற்" என்று அழைத்த வேலைச்சட்டையை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் அவர் என்னைத் தூக்குவார். எனக்கு அப்போது ஏழு வயது. நோர்வேயின் வடகோடியிலுள்ள ஹம்மர்பெஸ்டில் சூரியனே எழாத அந்தக் குளிர்காலத்தில், தம்பியைப் பெறுவதற்காக அம்மா ஒஸ்லோவுக்கு, புருசெத்திலிருந்த பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தார். பள்ளிக்கூடம் குழம்பக்கூடாதென்று நான் அப்பாவோடு நின்றுவிட்டேன்.

அலுவலகக் கடிதங்களை வாசித்து விளங்கக்கூடியவர் எங்கள் குடும்பத்தில் பெரியம்மா ஒருவர்தான். ஆகவே அம்மாவின் முகவரியைப் புருசெத்துக்கு மாற்றியபோது என்னுடையதையும் சேர்த்தே மாற்றினார்கள். "எங்கை பதிஞ்சா என்ன, பிள்ளை என்னோடைதானே இருக்கிறாள்" என்றார் அப்பா. அதே குளிர்காலத்தில்தான் அவருக்கு நோர்வேக் குடியுரிமை கிடைத்தது. அவரோடு ஒரே வீட்டில் வசித்த பிள்ளைக்கும் அது சேரும். பதிவின்படி நானோ நாட்டின் மறுகோடியில் இருந்தேன்.

இன்று எனக்குக் கிடைத்திருக்கும் பொறியியல் வேலைக்குக் குடியுரிமை வேண்டும். புதிதாக விண்ணப்பித்துக் காத்திருந்தால் அந்த வேலை கைவிட்டுப் போய்விடும். அந்தக் குளிர்காலத்தில் அப்பாவோடுதான் வசித்தேன் என்று குடிவரவு அலுவலகத்துக்கு நிரூபித்தால், அன்றிலிருந்தே நான் குடிமகள் ஆகிவிடுவேன். சான்றாகக் கூடியவற்றைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். மூடப்பட்ட பள்ளியின் மாணவர் வரவு இடாப்பு கிடைக்கவில்லை. வாடகை ஒப்பந்தத்தில் அப்பாவின் பெயர் மட்டுமே இருந்தது.

"என்ரை பிள்ளை என்னோடை இருந்ததுக்கு என்னட்டையே சாட்சி கேக்கினமோ?" என்று அப்பா கொதித்தார்.

எஞ்சியிருந்தவர் அடுத்த வீட்டுப் பேரித். அப்பா விடியுமுன் மீன் ஆலைக்குப் போனபின் என்னைப் பள்ளிக்கு அனுப்பிவைத்த நோர்வேஜியப் பெண்மணி. எங்களை நினைவிருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டேன். தாய் அங்கே இல்லை, தகப்பனோடுதான் நீ இருந்தாய் என்று நன்றாகத் தெரியும் என்றார். தினமும் காலையில் அப்பா கோணலாகப் பின்னிய என் தலையை அவிழ்த்துத் தானே திரும்பப் பின்னிவிட்டாராம்.

பக்கத்தில் இருந்து கேட்ட அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "சும்மா சொல்லுறா! நான் வடிவாத்தான் பின்னினனான்."

"அப்பா, தயவுசெய்து வாயைத் திறக்காதேங்கோ. உங்கடை பின்னல் கோணல் எண்டாத்தான் எனக்குப் பாஸ்போட்."

பேரித்தின் வாக்குமூலத்தை அனுப்பிவிட்டோம். முடிவு இன்னும் வரவில்லை. நாங்கள் இருந்த தொழிலாளர் குடியிருப்பை இடித்துவிட்டார்களாம், ஆலையும் இல்லையாம். அந்த வீட்டில் நாங்கள் சேர்ந்து வாழ்ந்ததைக் கண்ணால் கண்டவர்கள் இனி மூன்றே பேர். ஒருவருக்கு எண்பது தாண்டிவிட்டது. மற்ற இருவர் அப்பாவும் நானும்; எங்கள் சொல் செல்லாது.