நான்கு தடவை செத்த புதுமுகம்

நாற்காலியை இன்னும் ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்திய பிறகுதான் டொறத்தி அக்கா உட்கார்ந்தார். ஜேர்மனியின் பான் நகரில் தேவாலயத்துக்குச் சொந்தமான ஒரு மண்டபம். யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள். கூரையில் வரிசையாகக் குழல்விளக்குகள். ஒன்று மட்டும் எரியவில்லை. எரியாத விளக்குக்கும் எரிகிற விளக்குக்கும் நடுவே இடம் பார்த்து, முகத்தில் பாதி வெளிச்சத்திலும் பாதி நிழலிலும் இருக்கும்படி அமர்ந்து, மடியிலிருந்த கடதாசித் தட்டிலிருந்து றோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"நேர வெளிச்சம் விழுந்தா நான் வீட்டுக்காரி. பக்கத்தாலை விழுந்தா கொலைகாரி," என்றார், மென்றபடி.

பேருந்திலும் அப்படித்தான். மருத்துவரின் காத்திருப்பு அறையிலும் அப்படித்தான். பூசைக்குப் போனால் தூணோரம்தான். பக்தியால் ஒதுங்கி நிற்கிறார் என்று புதிதாக வந்த குருவானவர் ஒரு வருடம்வரை நினைத்திருந்தார்.

வயது ஐம்பத்தொன்பது. ஹோட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் இடமொன்றில் மேசைவிரிப்புகளை அயன் பண்ணுகிறார். அதற்கு முன் ஓர் அமைச்சுக் கட்டடத்தில் துப்புரவு வேலை. தலைநகர் பெர்லினுக்கு மாறியபோது அமைச்சர் போனார், அவருடைய குப்பைக்கூடை போனது, கூடையைக் காலி செய்யும் வேலையும் போனது. "மனுசன் ஒரு சொல்லுச் சொல்லாமல் வெளிக்கிட்டிட்டார்" என்பதைத் தவிர அந்த வரலாற்று நிகழ்வு பற்றி அவருக்குக் கருத்து இல்லை.

பிறந்தது யாழ்ப்பாணம் குருநகர். எழுபதுகளின் தொடக்கத்தில் கொழும்புத் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் பெண்ணாக இருந்தார். கண்டிக்கு இணைப்புக் கேட்ட ஒரு படமுதலாளிக்கு அந்தக் குரல் பிடித்துப்போயிற்று. கண்டியை மறந்துவிட்டுக் குரலுக்குரிய ஆளைத் தேடி வந்தார். அப்படித்தான் டொறத்தி கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்கள் நான்கில் நடித்தார். நான்கிலும் கெட்ட பெண். படங்களுக்குப் பெயர்கள் இருந்தன. ஆனால் அவர் அவற்றைச் செத்தவர்களை வைத்தே அடையாளம் சொல்வார்: மனேச்சர் படம், டொக்டர் படம், சுருட்டுக்கடைப் படம், மாமா படம். மனேச்சரைக் கடலில் தள்ளினார். டொக்டருக்கு டொக்டருடைய ஊசியையே போட்டார். சுருட்டுக்கடைக்காரரைச் சுட்டார். மாமாவை என்ன செய்தார் என்று கேட்டால், "அது குடும்பப் பிரச்சினை" என்பார்.

ஒவ்வொரு படத்தின் முடிவிலும் அவரும் சாகவேண்டியிருந்தது. கெட்ட பெண் உயிரோடு வீட்டுக்குப் போனால் சனம் திரையைக் கிழித்துவிடும் என்று முதலாளி பயந்தார். எழுத்தோட்டத்தில் ஒவ்வொரு முறையும் அவர் பெயருக்கு முன்னால் 'புதுமுகம்' என்று போட்டார்கள். "நாலாம் தரம் சாகேக்கையும் நான் புதுமுகம்தான்," என்கிறார். மனத்தாங்கல் எதுவும் தெரியவில்லை. சுருட்டுக்கடைப் படம் ஓடிய கிழமையில் குருநகரில் அவருடைய தாயாருக்கு மீன்காரர் நிறுவையில் கால் றாத்தல் கூட்டிப் போட்டாராம், பயத்தில்.

அவருடைய தொழிலுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு காட்சி, ஒரு தடவை. வெளிநாட்டிலிருந்து பிலிம் வருவது குறைந்திருந்த காலம். பிழை விட்டால் மறுபடி எடுக்கப் பிலிம் இருக்காது. ஒத்திகையும் அவருக்குப் பிடிக்காது. "வசனத்தைப் பாடமாக்குவன். ஆனா வாயாலை சொல்லிப் பாக்கமாட்டன். முதற்தரம் சொல்லேக்கை மட்டும்தான் அது உண்மை. ரெண்டாம் தரம் சொன்னா நான் என்னையே பாத்து நடிக்கிறன்." பிலிம் தட்டுப்பாடு முடிந்தது. நாடு முடிந்து வேறு நாடும் வந்தது. சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. பெரிய வெள்ளிக்கான நாடகத்தில் நடிக்கக் கேட்டபோது, தவக்காலம் முழுக்க ஒத்திகை என்று அறிந்து மறுத்துவிட்டார். பைபிளில் அவருக்குப் பொருத்தமான பாத்திரங்கள் நிறைய இருந்தன என்று சனம் இன்னும் குறைப்படுகிறது.

இந்த நான்கு படங்களில் ஒன்றுகூட இன்று இல்லை. இரண்டு, கொழும்புக் கலவரத்தில் களஞ்சிய அறையோடு எரிந்தன. ஒன்று மழைவெள்ளத்தில் ஊறி, சுருள் சுருளோடு ஒட்டி, அல்வாப்போல ஆகிவிட்டது. மாமா படம் வெளிவரவே இல்லை. குருநகர் வீட்டில் புகைப்படங்கள் இருந்தன. போர்க்காலத்தில் வீட்டின்மேல் செல் விழுந்தது.

ஆகவே பானில் அவர் நடித்துப் பார்த்தவர் யாருமில்லை. இதை அதிகமாக நினைவூட்டுபவர் தங்கராசா. தமிழ்க்கடை வைத்திருக்கிறார். முன்பக்கம் மரக்கறி, பின்பக்கம் வாடகைக்கு வீடியோ கசற்றுகள். அவருடைய வாதம் எளிமையானது. "என்னட்டை ஆயிரம் கசற் கிடக்கு. அக்கான்ர படம் ஒண்டுமில்லை. அப்ப படம் இல்லை."

"உம்மட கடையிலை நல்ல முருங்கைக்காயும்தான் இல்லை. அப்ப உலகத்திலை முருங்கைக்காய் இல்லையோ?" என்று அக்கா கேட்பார். கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். தங்கராசாவும் சிரிப்பார். ஆனால் நம்பமாட்டார்.

கணவர் ஜேசுரட்ணம் இந்த விவகாரத்தில் நடுநிலை. "நான் படம் பாக்கிறேல்லை, நித்திரை வந்திடும்" என்கிறார். கலியாணம் பேசியபோது பெண் நான்கு பேரைக் கொன்றவள் என்று சொன்னார்களாம். எல்லோரும் ஆண்களா என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

மகள் லவினியா ஹம்பேர்க்கில் தாதியாக இருக்கிறாள். அவள் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "ஓம் அம்மா" என்பாள். தங்கராசாவின் வாதத்துக்குப் பதில் வைத்திருக்கும் அக்காவிடம் இந்த இரண்டு சொற்களுக்குப் பதில் கிடையாது. "என்ரை பிள்ளைக்கு நான் அயன்பெட்டியோடை நிக்கிறதுதான் தெரியும்," என்று ஒருநாள் சொன்னார். அப்போது மட்டும் அவருடைய முகம் முழு வெளிச்சத்தில் இருந்தது.

உலகக் கிண்ண உதைபந்தாட்டம் முடிந்தும் கார்களில் கொடிகள் கழற்றப்படாமல் இருந்த அந்த இலையுதிர் காலத்தில், சிவானுஜா வந்தாள். இங்கே வளர்ந்த பெண். கலைக்கல்லூரியில் திரைப்படம் படிக்கிறாள். பத்து நிமிடக் குறும்படம். ஆட்களை எல்லை கடத்திக் கொண்டுவந்த ஓர் ஏஜென்சிக்காரர், பல வருடங்களுக்குப் பின் ஒரு பெண்ணின் வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறார். அவளுடைய தம்பியைப் பனிக்காட்டில் விட்டுவிட்டுப் போனவர் அவர். அவளுக்கு அது தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அவள் தேநீர் ஊற்றுகிறாள்.

"தேத்தண்ணிக்குள்ளை என்ன?" என்று அக்கா கேட்டார்.

"ஒண்டுமில்லை அன்ரி. சும்மா தேத்தண்ணி. ஆனா அவருக்கு அது தெரியாது. பயந்து பயந்து குடிக்கிறார். அதுதான் படம்."

அக்கா யோசித்தார். "முடிவிலை நான் சாகிறனோ?"

"இல்லை."

"பொலிசு வருதோ?"

"இல்லை அன்ரி."

"அப்ப செய்வம்," என்றார் அக்கா. பிறகு, "லவினியாவை வரச்சொல்லலாமோ, படம் காட்டேக்கை?" என்றார்.

ஏஜென்சிக்காரராக நடிக்கத் தங்கராசாவைப் பிடித்தார்கள். அவர் சம்மதித்ததற்குக் காரணம் கலை அல்ல. அக்காவின் பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கப்போகிறேன் என்று கடையில் நாலு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

ஒரு சனிக்கிழமைப் பிற்பகல், சிவானுஜாவின் சித்தி வீட்டு வரவேற்பறை. சன்னலுக்கு வெளியே இறக்கும் பலகைத் திரையை இங்கே றோலாடன் என்பார்கள். அதை முக்கால்வாசி இறக்கினார்கள். பலகை இடுக்குகள் வழியே வெயில் கோடு கோடாக உள்ளே விழுந்தது. அக்கா அந்தக் கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கொழும்பிலை இதுக்கு ஒரு தச்சனை வைச்சுப் பலகை அடிச்சவை," என்றார். நாற்காலியை நகர்த்தினார். கேத்திலை நகர்த்தினார். தங்கராசாவை நிமிர்ந்து உட்காரச் சொன்னார்.

"அன்ரி, ஒரு புறோபே?" என்று சிவானுஜா கேட்டாள். ஒத்திகையைச் சொல்கிறாள்.

"இல்லைப் பிள்ளை. ஒருக்காத்தான்."

கமரா கல்லூரியுடையது, கையடக்கமானது. அதன் பின்னால் நின்றவன் சிவானுஜாவின் தமையன் லக்ஸன். ஒருக்காத்தான் என்ற சொல் அவனைக் கலக்கிவிட்டது.

பிறகு நடந்ததை அறையிலிருந்த எல்லோரும் ஒரே மாதிரித்தான் சொல்கிறார்கள். அக்கா பெரிதாக எதுவும் செய்யவில்லை. இரண்டு கோப்பைகளில் தேநீர் ஊற்றினார். சீனி போட்டார், கலக்கினார். கரண்டி பீங்கானில் படும் சத்தம் நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை. ஒரு கோப்பையைத் தங்கராசாவின் பக்கம் தள்ளிவிட்டு, நல்ல விருந்தோம்பலோடு, "தம்பி உங்களை அடிக்கடி விசாரிக்கிறவன்," என்றார். வெயில் கோடு ஒன்று கண்ணுக்குக் கீழே நின்றது. சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கத்தில் தொடங்கி மறுபக்கத்துக்குப் போகாமல் நின்றுவிட்டது.

எழுத்தின்படி தங்கராசா கோப்பையை எடுத்துக் குடிக்கவேண்டும். எடுக்கவில்லை. கேத்திலை அடுப்பிலிருந்து இறக்கியதே அவர்தான். உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியும். இருந்தும் கோப்பையை ஒரு விரலால் தன்னிடமிருந்து தள்ளி வைத்தார். நெற்றி வேர்த்திருந்தது. அக்கா தன் கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்துவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கட் சொல்ல வேண்டியது தான்தான் என்பது சிவானுஜாவுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் நினைவுக்கு வந்தது.

"ஐயோ அக்கா," என்றார் தங்கராசா.

சிவானுஜா கை தட்டினாள். அப்போதுதான் லக்ஸன் கமராவின் சின்னத் திரையைப் பார்த்தபடி அசையாமல் நிற்பதைக் கவனித்தாள். ஒருக்காத்தான் என்றதால், தவறவிடக் கூடாதென்று, அவன் முன்கூட்டியே சிவப்புப் பொத்தானை அழுத்தி வைத்திருந்தான். சிவானுஜா "அக்சன்" என்றதும் பழக்கதோசத்தில் இன்னொரு முறை அழுத்தினான். முதல் அழுத்தில் ஓடத் தொடங்கியது இரண்டாவதில் நின்றுவிட்டது.

ஒளிநாடாவைப் பின்னுக்குச் சுற்றிப் பார்த்தார்கள். அக்கா நாற்காலியை இன்னும் கொஞ்சம் நகர்த்துகிறார். கேத்திலையும் இன்னும் கொஞ்சம் நகர்த்துகிறார். தங்கராசாவை மறுபடி நிமிர்ந்து உட்காரச் சொல்கிறார். "அக்சன்" என்ற குரல் கேட்கிறது. பிறகு வெறும் நீலத் திரை.

"அன்ரி..." என்றாள் சிவானுஜா. இன்னொரு தடவை என்று கேட்கும் துணிவு அவளுக்கு இல்லை. லக்ஸனின் காது சிவந்திருந்தது. பக்கத்து அறையில் சித்தி தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

தங்கராசாதான் முதலில் பேசினார். "அக்கா, நான் பாத்தனான். கடைக்கு வாற ஆக்களுக்கெல்லாம் சொல்லுவன். லவினியாவுக்கும் போன் போட்டுச் சொல்லுவன். சத்தியமா."

"நீர் சொன்னா ஆர் நம்புவினம்? உம்மட பால்மா ரின்னிலை அடிச்சிருக்கிற திகதியையே ஒருத்தரும் நம்புறேல்லை."

ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா எழுந்து கமராவின் அருகே போனார். நீலத் திரையைக் கிட்டத்தில் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். வெயில் நகர்ந்துவிட்டது, கோடுகள் இப்போது மேசையின் காலருகே கிடந்தன. கைப்பை கதவுக்குப் பக்கத்தில், கதிரையில் இருந்தது. அவர் அந்தப் பக்கம் இரண்டடி வைத்தார். சிவானுஜா கண்ணை மூடிக்கொண்டாள்.

அக்கா கைப்பையை எடுத்துத் தரையில் வைத்தார். அந்தக் கதிரையை இழுத்துவந்து, கோடுகள் விழுந்த இடத்தில் போட்டு, மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். தங்கராசா தொடாத கோப்பை ஆறி, மேலே ஆடை படர்ந்திருந்தது. கரண்டி நுனியால் ஆடையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். கேத்திலின் மூடியைத் திறந்து, ஒரு துளி சிந்தாமல், தேநீரைத் திரும்ப உள்ளே ஊற்றினார்.